கழுத்துக் கட்டியா, மூன்று மாதச் சர்க்கரையா?

சர்க்கரை நோயுள்ள பெண் குழந்தைக்கு முயலலாம் என்று நினைக்கும் நேரத்தில் பிடரியில் ஒரு கட்டி தட்டுப்பட்டால், வீட்டில் எழும் முதல் குரல் பெரும்பாலும் இதுதான்: "முதல்ல அந்தக் கட்டியை எடுத்துட்டு வந்துடு, மத்ததைப் பிறகு பார்த்துக்கலாம்." மருத்துவர்கள் சிலரும், வேறு காரணங்களுக்காக, இதையே சொல்வதுண்டு. கர்ப்பத்தில் கட்டி பெருத்துவிடும், அப்போது அறுவை செய்ய முடியாது, இப்போதே முடித்துவிடுவது நல்லது என்பார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் இந்த அறிவுரையில் வரிசை தலைகீழாக இருக்கிறது என்பது என் கருத்து. அதை வெறுமனே சொன்னால் போதாது, நிறுத்துப் பார்க்க வேண்டும்.

நிறுப்பதற்கு ஓர் ஆள் வேண்டுமே. 31 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டாக இரண்டாம் வகை நீரிழிவு. காலையும் இரவும் மெட்ஃபார்மின், அதோடு கிளிமிபிரைடு, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின், ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 9.2 சதவீதம். பிடரியில் எலுமிச்சை அளவில் ஒரு கட்டி, வலியில்லை. கல்யாணமாகி நான்கு வருடம். ஊருக்குப் போகும்போதெல்லாம் "விசேஷம் ஏதாவது உண்டா?" என்ற கேள்வி. இவர் கையில் இருக்கும் அடுத்த ஆறு மாதத்தை எதில் செலவிட வேண்டும்?

கட்டியின் மேல் இருக்கும் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு, அதை ஏளனம் செய்யக் கூடாது. இன்சுலின் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது 1922-இல். நுண்ணுயிர்க்கொல்லிகள் பரவலானது அதற்கும் பிறகு. அதுவரை சர்க்கரைக்காரரின் பிடரியில் வரும் ராஜபிளவை உயிரையே வாங்கிவிடும். பாட்டிமார் அதைக் கண்ணால் பார்த்தவர்கள். ஆனால் பிளவை என்பது சீழ்நோய். சிவந்து, கொதித்து, பல கண் வைத்துச் சீழ் வடியும், காய்ச்சல் வரும். அப்படி ஒன்று வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. லைப்போமா என்னும் கொழுப்புக்கட்டிக்கும் பிளவைக்கும் இடம் ஒன்று என்பதைத் தவிர உறவே கிடையாது. இது தோலுக்கடியில் மெல்லிய உறைக்குள் சேர்ந்த சாதாரணக் கொழுப்புத் திசு. ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு உடம்பில் எங்காவது இருக்கும். புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது. எடை குறைந்தாலும் இது கரையாது, சர்க்கரை குறைந்தாலும் கரையாது. பருமனும் நீரிழிவும் உள்ளவர்களிடம் இதுவும் சேர்ந்து காணப்படலாம். அதனால் ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று ஆகிவிடாது.

மருத்துவர் இதைக் கண்டுபிடிக்கும் விதம் பார்க்க எளிமையானது. கட்டியின் ஓரத்தை விரல் நுனியால் அழுத்துவார். கொழுப்புக்கட்டியானால் ஓரம் விரலுக்குப் பிடி கொடுக்காமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். மேல்தோலைக் கிள்ளினால் தோல் தனியாக வரும், கட்டி அடியில் நகரும். நடுவில் கரும்புள்ளிபோல் ஒரு துளை தெரிந்தால் அது லைப்போமா அல்ல, தோல் நீர்க்கட்டி, அதாவது சிஸ்ட். பிடரித் தோல் தடிப்பானது, அடியில் நார்த்திசு அதிகம், அதனால் அங்கே இந்த வழுக்கல் சில சமயம் தெளிவாகப் புலப்படாது. சந்தேகமிருந்தால் ஓர் அல்ட்ராசவுண்ட் போதும். கதிர்வீச்சு இல்லை, கர்ப்பமானாலும் செய்யலாம். 5 சென்டிமீட்டருக்கு மேல், தசைக்குள் ஆழமாக, வேகமாக வளர்கிற, வலிக்கிற கட்டி என்றால் அடுத்த கட்டப் பரிசோதனை அவசியம்.

இந்த இடத்தில்தான், "கொழுப்புக்கட்டிதான், விடு" என்று கையசைத்து அனுப்பும் எதிர்த் தரப்பையும் நான் ஏற்கவில்லை. சர்க்கரை நோயுள்ள இளம்பெண்ணின் கழுத்தில் தடிப்பு என்றால், அது எது என்று பெயர் வைக்காமல் அனுப்பக் கூடாது. பக்கக் கழுத்தில் நெறிகட்டி என்றால் நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது கண்டமாலை எனப்படும் நிணநீர்க்கணுக் காசநோய். நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. முன்கழுத்து என்றால் தைராய்டு. முதல் வகை நீரிழிவும் தைராய்டுக் கோளாறும் ஒரே பெண்ணிடம் சேர்ந்து வருவது சகஜம் என்பதால், கட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கருவுறுமுன் தைராய்டு ரத்தப் பரிசோதனை வேண்டும்.

ஆனால் பலர் தவறவிடுவது பிடரியைத்தான். கழுத்தும் முதுகும் சேருமிடத்தில், உறையில்லாமல், ஓரம் தெரியாமல் மேடாகப் பரவிய கொழுப்பு லைப்போமா அல்ல. அது குஷிங் நோய்க்குறியாக இருக்கலாம். உடம்பில் கார்டிசால் மிகுந்தால் சர்க்கரை ஏறும், அழுத்தம் ஏறும், மாதவிடாய் தப்பும், கரு தங்காது. ஆக, மூன்று தனித்தனி மருத்துவர்களிடம் மூன்று தனித்தனி நோய்க்கு மருந்து வாங்கிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு நோய் ஒன்றே ஒன்றாக இருக்கக்கூடும். வயிற்றில் விரலகல ஊதா வரிகள், தட்டினாலே கன்றிப்போகும் தோல், தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியாத தொடைப் பலவீனம் இவையும் இருந்தால் விசாரிக்காமல் விடக் கூடாது. பெரும்பாலும் இது வெளியிலிருந்து வந்த ஸ்டீராய்டின் வேலை. மூட்டுவலிக்கு யாரோ கொடுத்த பெயரில்லாப் பொடி, ஆண்டுக்கணக்கில் முகத்தில் பூசிய வெளுப்பு கிரீம் எல்லாம் கணக்கில் வரும். இரவில் ஒரு டெக்ஸாமெத்தசோன் மாத்திரை கொடுத்து மறுநாள் காலை கார்டிசால் அளப்பது வழக்கமான முதற்கட்டச் சோதனை. கர்ப்பத்தில் கார்டிசால் இயல்பாகவே ஏறிவிடும் என்பதால் அதன் முடிவை அப்போது நம்ப முடியாது. எனவே கேட்க வேண்டிய காலம் முன்புதான்.

இன்னொன்று அரிது, ஆனால் அறியாமல் விட்டால் ஆபத்து. கழுத்தும் முகமும் சதைப்பிடிப்பாக, கைகால்கள் மட்டும் கொழுப்பே இல்லாமல் நரம்பும் தசையும் புடைத்துத் தெரியும் உடல்வாகு. பூப்படைந்த காலத்தில் மாற்றம் தொடங்கியிருக்கும். அம்மாவுக்கோ அத்தைக்கோ அதே வாகு இருக்கும். இது பரம்பரைப் பகுதிக் கொழுப்பிழப்பு நோய். 1974-இல் டனிகன் விவரித்தார். இவர்களுக்கு ட்ரைகிளிசரைடு எகிறி நிற்கும். கர்ப்பத்தில் அது இன்னும் இரண்டு மூன்று மடங்காகி, கணைய அழற்சியில் கொண்டுபோய் விடலாம். பிள்ளைக்கு நோய் போக ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பு. இவரிடம் "கொழுப்புதானே" என்பது எவ்வளவு பெரிய அலட்சியம்! நெடுநாள் நீரிழிவில் மேல்முதுகுத் தோலே பலகையாகத் தடிப்பதும் உண்டு. அதையும் கட்டி என்று வெட்டப் போகக் கூடாது.

சரி, நம் 31 வயதுப் பெண்ணின் கட்டி சந்தேகத்துக்கிடமில்லாத லைப்போமா என்று உறுதியாகிவிட்டது. எடுக்க வேண்டுமா?

எடுக்கலாம் என்பவர் தரப்பில் கனமான வாதம் ஒன்று உண்டு. அது அழகும் அல்ல, பயமும் அல்ல. நீரிழிவுள்ள தாய்க்கு சிசேரியன் வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வார்கள். அவசரத்தில் முழு மயக்கம் தேவைப்பட்டால் மூச்சுக்குழாயில் குழாய் இட, தலையைப் பின்னுக்குச் சாய்க்க வேண்டும். பிடரியில் பெரிய கட்டி இருந்தால் தலை சாயாது. நெடுநாள் சர்க்கரையில் மூட்டுகள் இறுகியவர்களுக்கு இது இன்னும் சிரமம். வணக்கம் சொல்லக் கைகூப்பும்போது விரல்கள் முழுதும் ஒட்டாமல் இடைவெளி விழுகிறதா என்று பார்ப்பது மயக்க மருத்துவர்களின் பழைய சோதனை. ஆகவே தலையாட்டத்தைத் தடுக்கும் அளவு பெரிய கட்டி, நரம்பை அழுத்தும் கட்டி, பரிசோதனையில் தெளிவில்லாத கட்டி, இந்த மூன்றையும் முன்பே எடுத்துவிடுவது சரி. பிடரிக் கட்டியை எடுக்கக் குப்புறப் படுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழாம் மாத வயிற்றோடு அது ஆகிற காரியமா?

எலுமிச்சை அளவுக் கட்டிக்கு இந்த வாதம் எதுவும் பொருந்தாது. கர்ப்பத்தில் பெருக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பெரும்பாலானவை இருந்தபடியே இருக்கின்றன. அப்படியே வலியெடுத்தாலும் இரண்டாம் மும்மாதத்தில், இடத்தை மட்டும் மரக்கச் செய்து எடுக்க முடியும், லிக்னோகெய்ன் ஊசிக்குத் தடையில்லை. இல்லையேல் பிரசவம் முடிந்து நிதானமாக எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கட்டி கருவை ஒன்றும் செய்யாது, கருவும் அதை ஒன்றும் செய்யாது.

எதிர்த் தரப்பு சொல்லும் "சர்க்கரைக்காரருக்குக் கத்தி வைத்தால் புண் ஆறாது" என்பதும் பாதி உண்மைதான். கழுத்து ரத்த ஓட்டம் செழிப்பான இடம். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் சின்ன வெட்டு மற்றவர்களுக்கு ஆறுவதுபோல் ஆறும். கட்டுக்குள் இல்லாவிட்டால் சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடும். அவசரமில்லாத அறுவைக்கு எச்பிஏ1சி 8.5-க்குக் கீழ் இருக்கட்டும் என்று பிரிட்டன் மருத்துவர்கள் கேட்பது அதனால்தான். கவனியுங்கள்: நம் பெண்ணுக்கு 9.2. கட்டியை எடுப்பதென்றாலும் முதலில் சர்க்கரையைத்தான் இறக்க வேண்டும்! எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் முதல் வேலை மாறவில்லை. கத்திக்குப் பயந்து ஸ்டீராய்டு ஊசி போட்டுக் கரைக்கலாம் என்பவர்களிடம் போனால் அந்த ஊசியே சர்க்கரையை ஏற்றும். சுண்ணாம்புப் பத்து தோலைத்தான் பொசுக்கும், கட்டி அடியில் பத்திரமாக இருக்கும்.

இனி தராசின் மறுதட்டு. கிழக்கு ஜெர்மனியில் கார்ல்ஸ்புர்க் என்னும் ஊரிலிருந்து ஃபூர்மான் குழுவினர் 1983-இல் வெளியிட்ட ஆய்வை இத்துறையில் இன்றும் எடுத்துப் பேசுகிறார்கள். கருவுறுவதற்கு முன்பே சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய தாய்மாரின் 128 குழந்தைகளில் ஒன்றுக்கு மட்டுமே பிறவிக்குறை, 0.8 சதவீதம். எட்டு வாரத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தவர்களின் 292 குழந்தைகளில் 7.5 சதவீதம். 1991-இல் கலிபோர்னியாவில் கிட்ஸ்மில்லர் குழு கண்டதும் அதே திசைதான்: முன்பே வந்த 84 பேரில் 1.2 சதவீதம், தாமதமாக வந்த 110 பேரில் 10.9 சதவீதம்.

இந்த எண்களை அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. இரண்டிலும் பெண்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை. முன்பே வருகிறவர் பொதுவாகப் படித்தவர், வசதியுள்ளவர், மருந்தைத் தவறவிடாதவர். அவருக்கு எப்படியும் நல்ல குழந்தை பிறந்திருக்கலாம் என்ற ஆட்சேபணை நியாயமானது. எண்ணிக்கையும் சிறியது, ஒரு குழந்தை கூடினாலே சதவீதம் இரட்டிப்பாகும். ஆனால் இந்த ஆட்சேபணையால் தள்ளிவிட முடியாத சான்று ஒன்று இருக்கிறது. எச்பிஏ1சி ஏற ஏறப் பிறவிக்குறையும் படிப்படியாக ஏறுகிறது. பொதுவாக நூற்றுக்கு இரண்டு மூன்று என்று இருப்பது, பத்து சதவீதத்தைத் தாண்டிய தாய்மாரிடம் இருபதை நெருங்குகிறது. இதயம், தண்டுவடம், சிறுநீரகம் என்று குறிப்பிட்ட உறுப்புகளே அடிபடுகின்றன. படிப்பும் வசதியும் மட்டுமே காரணம் என்றால் இப்படி அளவுக்கு அளவு ஏறாது. பிரிட்டனின் நைஸ் வழிகாட்டி, தாழ்சர்க்கரை வராமல் முடியுமானால் 6.5-க்குக் கீழ் என்றும், பத்துக்கு மேல் இருந்தால் கருவுற வேண்டாம் என்றும் சொல்வது இந்தச் சான்றின் மேல் நின்றுதான்.

இதில் கொடுமை காலக்கணக்கு. கருவின் தண்டுவடக் குழாய் கருவுற்ற 28-ஆம் நாளுக்குள் மூடிவிடும். அதாவது நாள் தள்ளிப்போய் இரண்டு வாரத்துக்குள். மாத்திரைக் கடையில் அட்டை வாங்கிக் கோடு பார்த்து, மாமியாரிடம் சொல்லி, நல்ல நாள் பார்த்து மருத்துவரிடம் போவதற்குள் அந்த வேலை முடிந்துவிட்டது. கர்ப்பகாலச் சர்க்கரையில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. சென்னையின் டாக்டர் வீ. சேஷையா, சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே முறை ரத்தம் எடுக்கும் முறையை நிலைநாட்டினார். 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஏற்ற அருமையான முறை. ஆனால் அது கர்ப்பத்தில் புதிதாக வரும் சர்க்கரையைப் பிடிக்கும் வலை. ஏற்கெனவே சர்க்கரையுள்ள பெண்ணுக்கு அந்த முதல் பரிசோதனையே தாமதம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம்கூட 12 வாரத்துக்குள் பதிவு என்கிறது. 12 வாரத்தில் இதயம் உருவாகி முடிந்திருக்கும். நம் திட்டங்கள் எல்லாம் கர்ப்பிணியைத் தேடுகின்றன, கர்ப்பிணி ஆகப்போகிறவரைத் தேடுவதில்லை.

அந்த ஆறு மாதத்தில் நம் பெண் செய்ய வேண்டியதைப் பாருங்கள். அட்டோர்வாஸ்டாட்டினையும் டெல்மிசார்டனையும் மருத்துவர் மாற்றித் தர வேண்டும். கர்ப்பத்தில் டெல்மிசார்டன் கருவின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கிளிமிபிரைடு போய் இன்சுலின் வர வேண்டும், மெட்ஃபார்மின் பெரும்பாலும் தொடரலாம். எடை குறைக்க செமாக்ளூடைடு ஊசி போடுகிறவர் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். போலிக் ஆசிட் நாளுக்கு 5 மில்லிகிராம். அரசு கொடுக்கும் இரும்பு மாத்திரையில் இருப்பது அதில் பத்தில் ஒரு பங்குதான். விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். கர்ப்பமும், சர்க்கரையைத் திடீரென இறக்குவதும், ஏற்கெனவே உள்ள விழித்திரைப் பாதிப்பை மோசமாக்கும். சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும். இதெல்லாம் முடியும்வரை காப்பர்-டியோ வேறு தடுப்போ வேண்டும். குழந்தை வேண்டும் என்று வந்தவரிடம் கருத்தடை பற்றிப் பேச மருத்துவர்களே தயங்குவதைப் பார்க்கிறோம். அந்தத் தயக்கத்தை மன்னிக்க முடியாது.

அதற்காக 6.5 என்ற எண்ணைச் சாமியாக்கவும் வேண்டாம். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. இரும்புக் குறைவு எச்பிஏ1சியை உள்ளதைவிட உயர்த்திக் காட்டலாம், ரத்த அணுக்கள் வேகமாக அழிகிற நோய்கள் தாழ்த்திக் காட்டலாம். விரலில் குத்திப் பார்க்கும் அளவுகளையும் சேர்த்துப் பார்க்காத மருத்துவர் அரைக்கணக்கு பார்க்கிறார். 38 வயதில் 7.1-இல் நிற்கும் பெண்ணிடம் "இன்னும் ஆறு மாதம் பொறு" என்பதும் அறிவல்ல. அவரிடம் குறைவாக இருப்பது காலம். இலக்கை நோக்கி இறங்கும் ஒவ்வொரு படியும் பலன் தரும், கடைசிப் படி எட்டவில்லை என்பதற்காகக் கதவை அடைக்கக் கூடாது. 9.2-இல் நிற்கும் 31 வயதுக்காரர் கதை வேறு. அவர் காத்திருக்கத்தான் வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு: பிடரிக் கட்டிக்கு ஒரு முறை, ஒழுங்காக, விரல் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் ஸ்கேன் எடுத்து, பெயர் வைக்க வேண்டும். லைப்போமா என்று பெயர் வந்தால் சீட்டில் அளவோடு எழுதி வைத்துவிட்டு அதை மறந்துவிடலாம், பிள்ளை பிறந்தபின் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் சரி. கட்டிக்கு அறுவைத் தேதி குறிப்பதற்காகக் கருவுறும் திட்டத்தைத் தள்ளிப்போடுவது தவறு. கட்டி எடுத்தாயிற்று, இனி தடையில்லை என்று 9.2-இலேயே முயல்வது அதைவிடப் பெரிய தவறு, நடைமுறையில் நடப்பதும் அதுவே.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தன்னார்வலர்கள் சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறார்கள். மாத்திரை வாங்கும் பெண் பிள்ளை பெறும் வயதிலிருந்தால், "அடுத்த ஒரு வருடத்தில் குழந்தைக்கு முயலப் போகிறீர்களா?" என்று ஒரு கேள்வியை அந்தப் பதிவேட்டில் சேருங்கள். ஆம் என்பவருக்கு அன்றே போலிக் ஆசிட் கொடுத்து, எச்பிஏ1சிக்கும் மருந்து மாற்றத்துக்கும் அனுப்பி வையுங்கள்.